சேத்துல ஊறுன ஆயில பாக்டீரியாவ வச்சு எடுக்குறது எப்படி: ராமநாதபுரம் கரைக்காரங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

தடைக்காலம் 61 நாள், ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு எல்லாம் கட்டிக் கெடக்கும், இஞ்சின் இறக்கி வேலை பாப்பாங்க, அந்த நேரத்துல ஜெட்டி ஓரமா சேத்துல ஒரு தடவ காலை விட்டுப் பாருங்க. மேல சாதாரண சேறுதான். கால் உள்ள போனதும் வானவில் கலர்ல ஒரு படலம் மெதந்து வரும், அதுக்கும் கீழ மை மாதிரி கறுப்பு, அழுகுன முட்டை நாத்தம்.

எங்க சித்தப்பாவுக்கு சொந்தமா ஒரு போட் இருக்கு. அவரு ஒருநா கேட்டாரு, "ஏன்டா, நீதான் கடல் கிருமி படிச்சவனாச்சே, ஆயில் திங்கிற பவுடர்னு ஏதோ விக்கிறாய்ங்களாமே, ரெண்டு மூட்டை வாங்கி வீசிட்டா சுத்தமாயிரும்ல?" ஆகாது சித்தப்பான்னு சொன்னேன், ஏன் ஆகாதுன்னு சொல்லி முடிக்க ஒரு மணி நேரம் ஆச்சு, அதத்தான் இங்க கொஞ்சம் வரிசையா எழுதுறேன். சின்ன அளவுல, ஒரு ஜெட்டி ஓரம் இல்ல ஒரு துண்டு மணல் கரை, அதுக்குத்தான் இது. கப்பல் கவுந்து ஆயில் கொட்டுனா அது வேற கதை, 1554க்கு போன் பண்ணிட்டு ஒதுங்கிருங்க, 1996ல வந்த தேசிய திட்டப்படி கடல்ல எண்ணெ கசிஞ்சா கோஸ்ட் கார்டுதான் பொறுப்பு.

மொதல்ல கிருமிய பத்தி ரெண்டு வார்த்த

ஆயில் திங்கிற பாக்டீரியா உங்க சேத்துலயே ஏற்கனவே இருக்கு. கடல் முழுக்க இருக்கு. அல்கானிவோராக்ஸ் போர்குமென்சிஸ்னு ஒண்ணு, 1998ல பேர் வச்சாங்க, ஜெர்மனிக்கு மேல இருக்குற வடகடல்ல போர்கும் தீவு பக்கம் கெடச்சது (நம்ம வடகடல், அதாவது பாக் நீரிணை பக்கம் இல்லங்க, அது வேற!). சுத்தமான தண்ணில இது தேடுனாலும் அதிகம் கெடைக்காது, ஆயில் கொட்டுனா கொஞ்ச நாள்ல கூட்டம் கூட்டமா பெருகும், ஏன்னா அதுக்கு சாப்பாடே ஆயில்ல இருக்குற நீளச் சங்கிலி ஹைட்ரோகார்பன்தான், சர்க்கரை குடுத்தா கூட பெருசா சீண்டாது. ஆயில தண்ணியோட கலக்குறதுக்கு சோப்பு மாதிரி ஒரு பொருளையும் அதுவே சுரந்துக்கும். வளைய வடிவ ஹைட்ரோகார்பன திங்கிறதுக்கு சைக்ளோகிளாஸ்டிகஸ்னு இன்னொண்ணு. இன்னும் மாரினோபாக்டர், சூடோமோனாஸ்னு பெரிய குடும்பமே இருக்கு.

அப்ப ஏன் சேறு இன்னும் கறுப்பாவே கெடக்கு? சோறு இருக்கு, ஆள் இருக்கு, மூச்சுவிட காத்து இல்ல, தொட்டுக்க உரம் இல்ல. ஆயில்ல கார்பன் மூட்டை மூட்டையா இருக்கு, நைட்ரஜனும் பாஸ்பரஸும் கிட்டத்தட்ட இல்லவே இல்ல. 1989ல அலாஸ்காவுல எக்ஸான் வால்டெஸ் கப்பல் கொட்டுன ஆயில் இருக்குல்ல, அங்க கரையில உரம் போட்டு பாக்டீரியாவ முடுக்கி விட்டாங்க, நல்லாவே வேலை செஞ்சது, ஆனா கூழாங்கல்லுக்கு அடியில காத்து எட்டாத எடத்துல சிக்குன ஆயில் பல வருசம் கழிச்சு தோண்டுனப்பவும் அப்படியே இருந்துச்சு. அதனால இந்த வேலையில பாதி சண்டை காத்துக்காகத்தான்.

1. ஊத்துறத நிறுத்துங்க

இது இல்லாம மத்தது எல்லாம் வெட்டி வேலை. போட் அடியில தேங்குற எண்ணெத் தண்ணிய அப்படியே கடல்ல இறைக்கிறது, இஞ்சின் ஆயில் மாத்திட்டு பழச ஓரமா கவுக்குறது, டீசல் கேன் மாத்தும்போது சிந்துறது, இந்த மூணும்தான் நம்ம ஜெட்டில பெரும்பாலும். ஒரு பீப்பாய் வச்சு கழிவு ஆயில சேருங்க, சட்டப்படி அது அபாயக் கழிவு, 2016 விதிப்படி லைசென்ஸ் உள்ளவங்கதான் எடுக்கணும், காசு குடுத்தே எடுத்துட்டுப் போவாங்க. எண்ணெத் தண்ணிய இறைக்கிறதுக்கு முன்னாடி ஆயில் உறிஞ்சுற பஞ்சுத் துணி ஒண்ண உள்ள போட்டு வச்சா மேல மெதக்குறது முக்காவாசி அதுலயே ஒட்டிக்கும்.

2. எந்த எடம்னு பாருங்க, யார்கிட்ட கேக்கணும்னு பாருங்க

தென்கடல் பக்கம் மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா, 1986ல இருந்து, 21 தீவு. அந்த எல்லைக்குள்ள வனத்துறை அனுமதி இல்லாம ஒரு கைப்பிடி மண்ணு கூட எடுக்காதீங்க, வனவிலங்கு சட்டத்துல உள்ள வச்சிருவாங்க. வெளிய ஜெட்டி பகுதின்னா மீன்வளத்துறை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ரெண்டு பேருக்கும் எழுத்துல குடுத்துட்டு செய்ங்க. டெஸ்ட் பண்ண ஆள் வேணும்னா மண்டபத்துல மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இருக்கு, தொண்டியில அழகப்பா பல்கலைக்கழகத்தோட கடலியல் துறை இருக்கு, போயி கேளுங்க, பிராஜெக்ட் தேடுற ஸ்டூடண்ட் யாராச்சும் மாட்டுவாங்க.

ஒரு விசயம் கட்டாயம். கடல் புல் இருக்குற எடம், காரங்காடு மாதிரி அலையாத்தி இருக்குற எடம், பவளப்பார் பக்கம், இங்க எல்லாம் கிண்டாதீங்க, உரமும் போடாதீங்க. மிதிச்சாலே ஆயில் வேர் வரைக்கும் எறங்கிரும், உரம் போட்டா பாசி மூடி புல்லு செத்துரும், அந்தப் புல்ல நம்பித்தான் கடல்பசு இருக்கு. அங்க மேல மெதக்குறத மட்டும் ஒத்தி எடுத்துட்டு விட்டுர்றதுதான் நல்லது, சும்மா இருக்குறதும் ஒரு வைத்தியம்தான்.

3. கைக்கு வர்றத கையால எடுங்க

கட்டி கட்டியா இருக்குற தார் உருண்டை, கெட்டி ஆயில், இதெல்லாம் பாக்டீரியா தின்னு முடிக்கிறதுக்குள்ள நமக்கு பேரப்புள்ள பொறந்துரும். கிளவுஸ் போட்டு மண்வெட்டியால அள்ளிருங்க. பாக்டீரியா கடைசில மிச்சம் சொச்சத்த நக்குறதுக்குத்தான். சோப்புத்தூள் கரைச்சு ஊத்துறத மட்டும் செய்யவே செய்யாதீங்க, படலம் கண்ணுக்கு மறையும், ஆனா அது சேத்துக்குள்ள எறங்குது, மீன் குஞ்சுக்கும் விசம்.

4. சேத்த படிங்க

ரெண்டு இஞ்சு பிவிசி பைப் ஒண்ணு ஒன்றரை அடிக்கு வெட்டிக்கங்க. தண்ணி வத்துன நேரத்துல சேத்துல செங்குத்தா அழுத்தி, மேல வாய உள்ளங்கையால இறுக்கி மூடிட்டு உருவுனா, பிட்டு கொழல்ல இருந்து வர்ற மாதிரி முழுசா வரும். நீளவாக்குல பாருங்க. மேல பழுப்பா இருக்குற பட்டைக்கு மட்டும்தான் காத்து போகுது, நைஸ் சேத்துல அது சில மில்லிமீட்டர்தான், மணல்ல கொஞ்சம் ஆழம் போகும். அதுக்குக் கீழ கறுப்பா இருந்தா அங்க சல்பேட்ட சுவாசிக்கிற பாக்டீரியா ஆட்சி, முட்டை நாத்தம் அதோட வேலைதான். அதுகளும் ஆயில திங்கும், ஆனா ஆமை வேகம்.

இன்னொண்ணு, நம்ம கரையில வெள்ளம் வத்தம் வித்தியாசம் ரொம்பக் கம்மி, ஒரு மீட்டருக்குள்ளதான். குஜராத் பக்கம் மாதிரி தெனம் ரெண்டு வேளை கடலே வந்து சேத்த அலசி காத்து குடுக்காது. அந்த வேலைய நாமதான் செய்யணும்.

சாம்பிள் எடுக்கும்போது மேல 5 சென்டிமீட்டர் தனி, அடுத்த 10 தனி, அதுக்குக் கீழ தனி. கண்ணாடி பாட்டில், வாய்க்கு அலுமினியம் பேப்பர், ஐஸ் பெட்டி. பிளாஸ்டிக் பாட்டில்ல போட்டா ஆயில் பிளாஸ்டிக்ல ஏறிக்கும், ரிசல்ட் பொய் சொல்லும். ஆயில் படாத எடத்துல இருந்தும் ரெண்டு சாம்பிள் எடுங்க, இல்லாட்டி எதோட ஒப்பிடுவீங்க?

லேப்ல கேக்க வேண்டியது: மொத்த பெட்ரோலிய ஹைட்ரோகார்பன், மண்ணு எவ்வளவு நைஸ், பிஎச், நைட்ரஜன், பாஸ்பரஸ். பழைய இஞ்சின் ஆயில்னா ஈயம், துத்தநாகமும் பாக்க சொல்லுங்க, ஏன்னு கடைசில சொல்றேன்.

5. வீசுறதுக்கு முன்னாடி பாட்டில்ல பாருங்க

இத யாரும் செய்ய மாட்டேங்கிறாங்க, இதுதான் காசு மிச்சம் பண்ற எடம். லேப்ல 250 மில்லி குடுவை 12 எடுங்க, ஒவ்வொண்ணுலயும் 20 கிராம் சேறு, 100 மில்லி வடிகட்டுன கடல் தண்ணி. மூணு குடுவைய ஆட்டோகிளேவ்ல (பிரஷர் குக்கர் மாதிரி நீராவில வேக வைக்கிற மெசின்) வச்சு எல்லா கிருமியையும் கொன்னுருங்க. மூணுல சும்மா சேறு மட்டும். மூணுல சேறும் உரமும். கடைசி மூணுல சேறு, உரம், கூடவே வெளிய இருந்து வாங்குன இல்ல நாமளே வளத்த பாக்டீரியா. 30 டிகிரில ஷேக்கர்ல 28 நாள் ஆட்டிட்டு ஆயில் எவ்வளவு மிச்சம்னு அளந்து பாருங்க.

செத்த குடுவையிலயும் ஆயில் கொறஞ்சிருக்கும், அது ஆவியாப் போனது, அத கழிச்சிரணும். உரக் குடுவையும் பாக்டீரியா குடுவையும் ஒரே அளவு கொறஞ்சிருந்தா பவுடர் காசு தண்டம்னு அர்த்தம். பழைய ஜெட்டி சேத்துல பெரும்பாலும் அப்படித்தான் வரும், ஏன்னா பல வருசமா ஆயில் குடிச்சுப் பழகுன கிருமிதான் அங்க இருக்கு, வெளியூர்ல இருந்து வர்ற புதுசு நம்ம உப்புலயும் வெயில்லயும் இருக்குற ஆளோட மல்லுக்கட்டி ஜெயிக்கிறது கஷ்டம். ஒரு தடவ ஒரு சப்ளையர் எங்களுக்கு குடுத்த பவுடர நல்ல தண்ணில கரைச்சா நுரைச்சு பொங்குச்சு, கடல் தண்ணில போட்டா அடியில போயி படுத்துருச்சு.

சூப்பர் பாக்டீரியான்னு கேக்குறவங்களுக்கு ஒரு தகவல், ஆனந்த மோகன் சக்கரவர்த்தின்னு நம்ம நாட்டுல பொறந்த விஞ்ஞானி ஆயில் திங்கிற சூடோமோனாஸ் ஒண்ண உருவாக்கி, அதுக்கு பேட்டன்ட் குடுக்கலாமான்னு கேஸ் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயி 1980ல ஜெயிச்சாரு. உயிருள்ள ஒண்ணுக்கு பேட்டன்ட் குடுக்கலாம்னு வந்த பெரிய தீர்ப்பு அது. ஆனா அந்தக் கிருமிய கடல்ல எறக்கவே இல்ல.

6. கணக்கு (தயவுசெஞ்சு தாண்டிப் போகாதீங்க)

காஞ்ச எடையில 1 டன் சேறு, அதுல கிலோவுக்கு 5000 மில்லிகிராம் ஆயில்னு வச்சுக்குவோம். மொத்தம் 5 கிலோ ஆயில். அதுல 85 சதவீதம் கார்பன்னா 4.25 கிலோ. கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் 100:10:1ங்கிறது வழக்கமான அளவு, அப்ப 425 கிராம் நைட்ரஜன், 42 கிராம் பாஸ்பரஸ் வேணும். டிஏபில பாஸ்பரஸ் சுமார் 20 சதவீதம், அதனால 210 கிராம் டிஏபி போதும், அதுலயே கொஞ்சம் நைட்ரஜனும் வந்துரும், மிச்ச நைட்ரஜனுக்கு 46 சதவீத யூரியா 840 கிராம். அவ்வளவுதான், ஒரு டன்னுக்கு ஒரு கிலோ சொச்சம் உரம், நம்ம சொசைட்டில கெடைக்கிறதுதான். 10 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், 20 சென்டிமீட்டர் ஆழம் மணல்னா சுமார் 15 டன், அப்படி பெருக்கிக்கங்க.

இத ஒரே நாள்ல கொட்டாதீங்க. அஞ்சாறு பங்கா பிரிச்சு வாரம் ஒரு தடவ, இல்ல ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ. மண்ணுக்குள்ள இருக்குற தண்ணில லிட்டருக்கு 2ல இருந்து 10 மில்லிகிராம் நைட்ரஜன் நின்னா பாக்டீரியாவுக்கு போதும். அதிகமானா கடல் தண்ணி பிஎச் 8க்கு மேலங்கிறதால யூரியா அம்மோனியாவா மாறி இறாலுக்கும் மீனுக்கும் ஆபத்து, பக்கத்துல இறால் பண்ணைக்கு தண்ணி எடுக்குற ஓடை இருந்தா கூடுதல் கவனம். டிஏபிய கடல் தண்ணில கரைக்காதீங்க, கால்சியம் மெக்னீசியத்தோட சேந்து வெள்ளையா அடியில தங்கிரும். நல்ல தண்ணில கரைச்சு தெளிங்க. காத்து எட்டாத சேறுன்னா யூரியாவுல ஒரு பங்குக்கு பதிலா பொட்டாசியம் நைட்ரேட் போடலாம், நைட்ரேட்ட சில பாக்டீரியா ஆக்சிஜனுக்கு பதிலா சுவாசிக்கும்.

இப்ப காத்து. 1 கிலோ ஆயில் முழுசா எரிய சுமார் 3 கிலோ ஆக்சிஜன் வேணும், ஆக நம்ம 5 கிலோவுக்கு 15 கிலோ. நம்ம ஊரு 30 டிகிரி கடல் தண்ணில லிட்டருக்கு 6 மில்லிகிராம் சொச்சம்தான் ஆக்சிஜன் கரையும். கணக்கு போட்டா 24 லட்சம் லிட்டர் தண்ணி அந்த ஒரு டன் சேத்துக்குள்ள பூந்து வரணும், 12,000 லிட்டர் டேங்கர் லாரில 200 லோடு! அதே 15 கிலோ காத்துல இருந்து வேணும்னா 56 கன மீட்டர் காத்து, அதாவது பத்துக்குப் பத்து ரூம் ரெண்டுல இருக்குற காத்து. மொதல் தடவ இந்தக் கணக்க போட்டு பாத்தப்ப எனக்கே சிரிப்பு வந்துருச்சு, தண்ணிக்குள்ள இருக்குற சேத்துல பம்பு வச்சு தண்ணி அடிச்சு ஒரு மாசம் மல்லுக்கட்டுனது எதுக்குன்னு. சேத்த காத்துல காட்டுறதுதான் வழி.

7. வேலை

மணல் கரைன்னா எடத்துலயே செய்யலாம். தண்ணி வத்துன நேரத்துல 15, 20 சென்டிமீட்டர் ஆழத்துக்கு வாரம் ஒரு தடவ பல்லு வச்ச கலப்பையாலயோ மண்வெட்டியாலயோ கிண்டி விடுங்க, கிண்டுன கையோட உரத்தண்ணி தெளிங்க. ஜனவரில இருந்து ஆமை முட்டை வைக்கிற காலத்துல அந்த மாதிரி மணல்ல கை வைக்காதீங்க. காத்து காலமும் பாக்கணும், வாடை (வடகிழக்கு காத்து) அடிக்கிற மாசத்துல வடகடல் கரை கொந்தளிக்கும், கச்சான் (தென்மேற்கு காத்து) நேரத்துல தென்கடல் பக்கம் அலை அடிச்சு போட்ட உரம் எல்லாம் ஒரே ராத்திரில போயிரும். அந்தந்தப் பக்கம் அமைதியா இருக்குற மாசத்துல ஆரம்பிங்க.

நைஸ் சேறுன்னா எடத்துல கிண்டி பிரயோஜனம் இல்ல, மறுநாளே மூடிக்கும், கிண்டுனதுல கலங்குன ஆயில் வேற எடத்துக்கும் போகும். அனுமதி வாங்கி அள்ளி மேட்டுக்கு கொண்டு வரணும். தண்ணி ஏறாத எடத்துல தடிமனான எச்டிபிஇ பிளாஸ்டிக் ஷீட் விரிச்சு, சுத்தி வரப்பு கட்டி, ஒரு மூலையில வடியிற தண்ணி சேர குழி. ராமேஸ்வரம் தீவு மாதிரி எடத்துல நல்ல தண்ணி மணலுக்கு அடியில மெல்லிசா ஒரு அடுக்காத்தான் இருக்கு, ஷீட்ல ஒரு ஓட்டை இருந்தா பக்கத்து வீட்டு கெணறு போச்சு. சேத்த ஒரு அடி உயரத்துக்கு மேல போடாதீங்க. களி மாதிரி இருந்தா காத்து போக சீமைக்கருவேலம் செதில் கலக்குங்க, நம்ம மாவட்டத்துல அந்த சனியன் ஒரு நல்ல காரியத்துக்கு ஆகட்டுமே. தென்னை மட்டை நறுக்குனதும் ஓகே. வைக்கோல் மட்டும் வேண்டாம், அது மக்குறதுக்கே போட்ட நைட்ரஜன எல்லாம் தின்னுரும். இதே காரணத்துக்காகத்தான் வெல்லம், மொலாசஸ் கரைச்சு ஊத்தாதீங்கன்னு சொல்றேன், வெல்லம் திங்கிற வேற கிருமி பெருகி இருக்குற காத்தையும் உரத்தையும் காலி பண்ணிரும், ஆயில் அப்படியே கெடக்கும்.

வாரத்துக்கு ரெண்டு தடவ புரட்டணும். நான் செஞ்ச தப்ப நீங்க செய்யாதீங்க, மொதல் பாத்திய மே மாச வெயில்ல தெறந்து போட்டுட்டு நாலு நாள் ஊருக்குப் போயிட்டேன், வந்து பாத்தா மேல வெள்ளையா உப்பு பூத்து ஓடு மாதிரி இறுகிக் கெடக்கு, உள்ள ஒரு கிருமியும் பொழைக்கல. தென்னங்கீத்து பந்தல் போடுங்க, சேத்த கையில புடிச்சா உருண்டை நிக்கணும், தண்ணி சொட்டக் கூடாது. காஞ்சா நல்ல தண்ணி தெளிங்க, கடல் தண்ணியவே திரும்ப திரும்ப தெளிச்சா உப்பு ஏறிக்கிட்டே போகும்.

8. பாக்டீரியா உண்மையிலயே வேணும்னா

பாட்டில் டெஸ்ட்ல வித்தியாசம் தெரிஞ்சாத்தான் இது. அதே ஜெட்டி சேறு ஒரு ஸ்பூன், கிருமி நீக்குன கடல் தண்ணி, கொஞ்சம் உரம், சாப்பாடா 1 சதவீதம் டீசல். ஒரு வாரம் ஆட்டுங்க, கலங்குனா அதுல இருந்து கொஞ்சம் எடுத்து புதுசுல, இப்படி மூணு தடவ மாத்துனா டீசல் திங்கத் தெரிஞ்சது மட்டும் மிஞ்சும். அப்புறம் 200 லிட்டர் டிரம், இறால் பண்ணையில போடுற காத்து ஊதி. இத லேப்ல ஆள் மேற்பார்வையில செய்ங்க, வீட்டு மாடியில வேண்டாம், ஏன்னா டீசல் திங்கிற கூட்டத்துல சூடோமோனாஸ் எருஜினோசாவும் வரலாம், காயம் பட்ட கையில பூந்தா சீழ் புடிக்கிற கிருமி அது. தெளிக்கும்போது சாயங்காலம் தெளிங்க, மத்தியானம் வேண்டாம்.

9. கொறையுதான்னு எப்படி தெரியும்

ஆரம்பத்துல, 2, 4, 8, 12வது வாரம் சாம்பிள். ஒண்ணுமே செய்யாம விட்ட ஒரு பாத்தியும் பக்கத்துல இருக்கணும். மொத்த ஆயில் அளவு மட்டும் பாத்தா ஏமாந்துருவோம், மழை அடிச்சுட்டுப் போனாலும் கொறையும். ஜிசி மெசின்ல (ஆயில்ல இருக்குறத தனித்தனியா பிரிச்சு அளக்குற கருவி) 17 கார்பன் ஆல்கேன், பிரிஸ்டேன்னு ஆயில்ல இருக்குற ரெண்டு ஹைட்ரோகார்பனையும் அளக்க சொல்லுங்க. ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி ஆவியாகும், ஆனா மொதல் ஆள் பாக்டீரியாவுக்கு இட்லி, ரெண்டாவது ஆள் எலும்பு. இட்லி மட்டும் கொறைஞ்சிருந்தா தின்னது பாக்டீரியாதான். பழைய ஆயில்ல இட்லி ஏற்கனவே தீந்திருக்கும், அப்ப ஹோபேன்னு ஒண்ணு இருக்கு, அத பாக்டீரியா லேசுல தின்னாது, அதோட ஒப்பிட்டு மத்தது எவ்வளவு போச்சுன்னு பாக்கலாம். 17 கார்பன் கணக்கு டீசலுக்கும் கச்சா எண்ணெக்கும் சொல்றது, ஹோபேன் கணக்கு கச்சா எண்ணெ மாதிரிக்குத்தான், டீசல்ல ஹோபேன் கிட்டத்தட்ட இருக்காது.

டீசல்னா நம்ம சூட்டுக்கு சில மாசத்துல நல்லா தெரியும். பர்னஸ் ஆயில் மாதிரி கெட்டின்னா வருசக் கணக்கு, தார் பகுதி மிஞ்சத்தான் செய்யும். ஒரு எடத்துல வந்து கொறையிறது நின்னுரும், உரம் போட்டாலும் கிண்டுனாலும் அசையாது, அதோட நிறுத்திருங்க. அப்ப விசம் மிச்சம் இருக்கான்னு பாக்க, ஆர்ட்டீமியா (இறால் குஞ்சுக்கு தீனியா போடுற உப்புத்தண்ணி பூச்சி) குஞ்ச அந்த சேத்துத் தண்ணில விட்டு ஒரு நாள் கழிச்சு எத்தன உயிரோட இருக்குன்னு எண்ணிப் பாருங்க, குஞ்சு பொரிப்பகத்துல கேட்டா முட்டை குடுப்பாங்க.

10. முடிஞ்ச சேத்த என்ன பண்றது

ஈயம், துத்தநாகம் பாக்க சொன்னேன்ல, அது இதுக்குத்தான். பாக்டீரியா ஆயில தின்னு கார்பன் டை ஆக்சைடா மாத்தும், உலோகத்த தின்ன முடியாது, பழைய இஞ்சின் ஆயில்ல வந்தது அப்படியே சேத்துல இருக்கும். அந்த ரிப்போர்ட்ட எடுத்துக்கிட்டு வாரியத்துக்குப் போங்க, அளவு கம்மின்னா ஜெட்டி ரோடு, மேடு நிரப்ப விடுவாங்க, அதிகம்னா அபாயக் கழிவு கெடங்குக்குத்தான் போகணும், லாரி வாடகைய ஆரம்பத்துலயே பட்ஜெட்ல எழுதி வச்சுக்கங்க. திரும்ப கடல்ல தள்ளிரலாம்னு யாராச்சும் சொன்னா கேக்காதீங்க. தோட்டத்துக்கும் வேண்டாம், அந்த உப்புக்கு தென்னையே கருகிரும்.